வைகையில் சங்கு ஊதினால் உத்தமபாளையத்தில் மோட்டாரைக் கழற்ற வேண்டுமா?

“தம்பி, வைகையில மூணாவது எச்சரிக்கை குடுத்துட்டாங்களாம். ஆத்தோரம் மோட்டார் கெடக்கு. கழட்டிறவா?”

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. உத்தமபாளையத்தில் நான் நடத்தும் இ-சேவை மையத்தின் ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிட்டது. கேட்டவர் முல்லையாற்றங்கரையில் வாழை போட்டிருப்பவர். அவர் நீட்டிய போனில் சிவப்புப் பட்டை போட்ட ஒரு செய்திப் படம். செய்தியில் பொய் ஒன்றும் இல்லை. அணை 69 அடியைத் தொட்டிருந்தது, சங்கும் ஊதியிருந்தார்கள்.

“மாமா, வைகை டேம் எங்க இருக்கு?”

“ஆண்டிபட்டிக்கிட்ட.”

“ஒங்க தோட்டத்தத் தாண்டுன தண்ணி எங்கிட்டுப் போகுது?”

“சின்னமனூரு, வீரபாண்டி... அங்கிட்டு டேமுக்கு.” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திச் சிரித்தார். “அட ஆமா! நம்மளத் தாண்டிப் போன தண்ணியில்ல அது.”

வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடி ஆனதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இவை அணைக்குக் கீழே, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை ஆற்றோரம் இருப்பவர்களுக்காகக் கொடுக்கப்படுபவை. எந்த நேரமும் உபரி நீரைத் திறந்துவிடலாம், ஆற்றில் இறங்காதீர்கள் என்று அர்த்தம். சோழவந்தான்காரருக்கு இது உடனே கேட்டு நடக்க வேண்டிய செய்தி. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்க்காரருக்கு, நேற்று அவர் கரையைத் தொட்டுக்கொண்டு போன வெள்ளத்தின் கணக்கு, அவ்வளவுதான். வாட்ஸ்அப்புக்கு மேல்மடை, கீழ்மடை தெரியாது. எல்லோருக்கும் ஒரே படத்தைக் கொண்டுவந்து போடுகிறது.

பொய்ச் செய்தியை நம்பாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். எட்டு வருஷமாக மற்றவர்களின் போனை வாங்கிப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் எனக்குப் படுவது வேறு. நம் பள்ளத்தாக்கில் பொய்ச் செய்தியால் கெட்டவர்களைவிட, உண்மைச் செய்தி யாருக்கானது என்று தெரியாமல் அலைந்தவர்களே அதிகம். அரசு இன்று ஒரே வாயால் பேசுவதில்லை. ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு பக்கம், காவல்துறைக்கு ஒன்று, வனத்துறைக்கு ஒன்று, மின்வாரியத்தின் குறுஞ்செய்தி தனி, வானிலை மையத்தின் நிறங்கள் தனி. எந்தச் செய்தி எங்கே பிறக்கிறது, அது எந்த ஊருக்கு என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

ஒரே வாயால் பேசிய காலமும் இருந்தது. தப்பு தட்டிக்கொண்டு தெரு முனையில் நின்று “இதனால் சகலமானவர்களுக்கும்” என்று தொடங்கினால் அது ஊருக்கான செய்தி. அந்தத் தெருவில் கேட்டதா, அது அந்தத் தெருவுக்கு. முகவரி செய்தியோடு ஒட்டியே வந்தது. ஆனால் அதைத் தட்டியவரை ஊர் நடத்திய விதம் நமக்குத் தெரியும். 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். எப்போதோ செய்திருக்க வேண்டியது. தண்டோராவிடம் இருந்த ஒரே நல்ல குணம் அந்த முகவரி. அதை மட்டும் போனுக்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய வேலை இப்போது நம்முடையதாகிவிட்டது.

முதலில் தண்ணீர். பள்ளத்தாக்கில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரும் நம்பியிருப்பது முல்லைப்பெரியாறு தண்ணீரை. அணை கேரளத்தில் இருந்தாலும் அதை இயக்குவது தமிழ்நாடு நீர்வளத்துறை. ஆகவே அணைச் செய்தி பிறக்கும் இடம் அந்தத் துறைதான். தினமும் காலையில் அவர்கள் தரும் கணக்கில் மூன்று எண்கள் இருக்கும்: நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். நம் ஆட்கள் முதல் எண்ணை மட்டும் பார்த்து “142 ஆயிருச்சாம்” என்று பேசிக்கொண்டிருப்பார்கள். 142 அடி என்பது 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்த அளவு. அது பெருமைக்குரிய எண். மோட்டாருக்கு உதவும் எண் அது இல்லை. ஆற்றோரம் மோட்டார் வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது மூன்றாவது எண்ணை, அதாவது விநாடிக்கு எத்தனை கனஅடி தமிழகப் பக்கம் வருகிறது என்பதை. ஒரு கனஅடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அணையிலிருந்து நமக்கு வரும் தண்ணீர் சுரங்கம் வழியாகவும், லோயர்கேம்ப் மின்நிலையக் குழாய்கள் வழியாகவும், இரைச்சல்பாலம் வழியாகவும்தான் இறங்குகிறது. அவை தாங்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டுகூட வராது. ஷட்டரைத் திறந்தால் போகும் உபரி நீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணைக்குப் போகிறது. ஆகவே “ஷட்டர் திறந்துட்டாங்க, கம்பம் மக்கள் மேட்டுக்குப் போங்க” என்று ஒரு ஃபார்வர்டு வந்தால், எழுதியவருக்கு அணை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றே தெரியாது என்று பொருள். நம் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வருவது பெரும்பாலும் மழையால். கூடலூர் மலையிலும் மேகமலையிலும் சுருளி மேலேயும் கொட்டினால் காட்டாறுகள் இரண்டு மணி நேரத்தில் முல்லையாற்றுக்குள் வந்து விழும். அதற்கு அணைக் கணக்கு உதவாது. மழைக் கணக்குதான் உதவும்.

முல்லைப்பெரியாறு பற்றிய புரளிக்குத் தனிச் சரித்திரமே எழுதலாம். 2021 அக்டோபரில், அணையை உடைக்க வேண்டும் என்று கேரளத்தில் ஒரு ஹேஷ்டேக் ஓடியது. நடிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். இந்தப் பக்கம் கொதித்தது. அப்போது கேரள முதல்வர் பினராயி விஜயனே சட்டமன்றத்தில் எழுந்து, அணைக்கு உடனடி ஆபத்து ஏதும் இல்லை, பீதி கிளப்புவோர் மீது நடவடிக்கை எடுப்போம் என்று சொல்ல வேண்டி வந்தது. 2024 ஜூலையில் வயநாட்டு நிலச்சரிவு நடந்ததும் மறுபடியும் அதே பேச்சு. ஆண்டுக்கு ஒரு முறையாவது இது வரும், எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். வரும்போது இரு மாநில அரசுகளின் வார்த்தை என்ன என்று மட்டும் பாருங்கள். யூடியூபில் வரைபடத்தின் மேல் சிவப்பு அம்பு போடுகிறவர் நீர்வளத்துறை பொறியாளர் இல்லை.

மழைச் செய்தி பிறக்கும் இடம் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அவர்கள் சொல்வது மாவட்டம் முழுக்க. ஒரே நாளில் 12 முதல் 20 செ.மீ. வரை பெய்தால் அது அவர்கள் மொழியில் மிக கனமழை, அதற்கும் மேலே போனால் அதி கனமழை. ‘தேனி ஆரஞ்சு’ என்றால் தேவாரத்தில் வெயிலடித்துக்கொண்டே மேகமலையில் கொட்டலாம். அதை வைத்து வானிலைக்காரரைத் திட்டுவது நம் ஊர் வழக்கம். இங்கே ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. விடியக்காலம் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஜீப்பில் ஏறுகிறீர்கள். வேலை பார்ப்பது இடுக்கி மாவட்டத்தில். அங்கே நிறம் சொல்வது திருவனந்தபுரம் மையம். தேனிக்கு மஞ்சள் என்றிருக்கும் நாளில் இடுக்கிக்குச் சிவப்பு இருக்கலாம். இடுக்கி ஆட்சியர் பக்கம் மலையாளத்தில்தான் இருக்கும், ஆனால் போனில் ‘மொழிபெயர்’ என்பதைத் தொட்டால் போதுமான தமிழில் வந்துவிடும். ஜீப்புக்குப் பத்துப் பேர் போகிறீர்கள், ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் பின்தொடர்ந்தால் போதும். என் கடைக்கு வரும் ஒரு மதினி அப்படித்தான் செய்கிறார். அவர் கையைக் காட்டினால்தான் அந்த ஜீப் கிளம்புகிறது.

மழைக்கும் அணை மட்டத்துக்கும் தமிழில் ஒரே இடம் வேண்டுமென்றால் மாநில அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலி இருக்கிறது. இடி மின்னலுக்கு ‘தாமினி’ செயலி. வெட்டவெளியில் ஆடு மேய்ப்பவர் வீட்டில் யாராவது இதைப் போட்டுவைப்பது நல்லது. பயிருக்கு ‘மேகதூத்’, செவ்வாயும் வெள்ளியும் ஆலோசனை வரும். 2018-லிருந்து இருக்கும் ‘உழவன்’ செயலியை மானியத்துக்கு மட்டும் திறந்து மூடிவிடுகிறார்கள். அதில் சந்தை விலையும் இருக்கிறது. பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-ல் கிடைத்துவிட்டது, விலையைக் கேட்க மட்டும் இன்னமும் ஏஜென்ட் போனுக்காகக் காத்திருக்கிறோம்.

சரி, யானைக் கதைக்கு வருவோம். அரசும் சமூக ஊடகமும் நம் ஊரில் மோதிக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

2023 ஏப்ரல் கடைசியில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, மே 27 காலை கம்பம் நகருக்குள் வந்துவிட்டது. கழுத்தில் ரேடியோ காலர் இருந்தது. வனத்துறைக்கு அது போகும் வழி ஓரளவு தெரிந்திருந்தது. ஆனால் யானை தெருவுக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் செல்போன் வீடியோக்கள் அதை முந்திவிட்டன. ஆட்டோவைப் புரட்டும் காட்சி, ஜனம் ஓடும் காட்சி. என் போனுக்கு மட்டும் அன்று காலை ஒரே வீடியோ பதினோரு தடவை வந்தது. நிர்வாகம் 144 தடை உத்தரவு போட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் ‘வெளியே வராதீர்கள்’ என்று தெருத் தெருவாகப் போயின. அந்தச் சத்தத்தைக் கேட்டு உள்ளே போனவர்களைவிட, வீடியோவைப் பார்த்து மொட்டை மாடிக்கும் முக்குக்கும் வந்தவர்கள் அதிகம். யானை புளியந்தோப்பில் ஒதுங்கி நின்றபோது யாரோ ட்ரோன் பறக்கவிட, மிரண்டு மறுபடியும் ஓடியது. ட்ரோன் விட்டவரைப் போலீஸ் பிடித்தது. யானை தாக்கியதில் காயம்பட்ட ஒருவர் சில நாளில் இறந்தும்போனார். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

வனத்துறை அன்று செய்ததில் ஒரு குறையும் ஒரு நிறையும் எனக்குத் தெரிகிறது. முதல் நாளில் ‘வராதீர்கள்’ என்பது மட்டும் வந்தது, ‘இப்போது எந்தப் பக்கம் பாதுகாப்பு’ என்பது வரவில்லை. அந்த இடத்தை யூடியூபர்கள் நிரப்பிக்கொண்டார்கள். மனிதனுக்குத் தகவல் கிடைக்காவிட்டால் சும்மா இருக்கமாட்டான், எட்டிப் பார்ப்பான். நிறை என்னவென்றால், கொண்டுபோய் விட்ட பிறகு துறைச் செயலர் சுப்ரியா சாகு தம் பக்கத்தில் யானை தண்ணீரில் புல்லை அலசித் தின்னும் வீடியோவைப் போட்டார். அது செத்துவிட்டது, மெலிந்துவிட்டது என்று கிளம்பிய பேச்சையெல்லாம் அந்த ஒரு வீடியோ அடக்கியது. நூறு மறுப்பு அறிக்கைகள் சேர்ந்தாலும் அந்த வேலையைச் செய்திருக்காது.

காட்டுப் பன்றியோ, யானையோ, சிறுத்தையோ உங்கள் பக்கம் வந்தால் என் ஆலோசனை இதுதான். வீடியோவை முதலில் குரூப்பில் போடாதீர்கள். வனச்சரக அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். எந்த ஊர், யார் தோட்டம், எந்தத் திசையில் நகர்கிறது, எத்தனை உருப்படி என்ற நான்கையும் சொல்லுங்கள். குரூப்பில் போட்டே ஆகவேண்டும் என்றால் ‘இந்தப் பக்கம் வராதீர்கள்’ என்று மட்டும் எழுதுங்கள், இருக்கும் இடத்துக்கு மேப் லிங்க் வேண்டாம். லிங்க் போட்டால் அது எச்சரிக்கையாக இருக்காது, அழைப்பிதழாகிவிடும்.

காட்டுத்தீக்கும் இதே கணக்குத்தான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தீயில் சிக்கியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். விமானப்படை உதவிக்கு வரும் என்பதை நாட்டுக்குச் சொன்னது அன்றைய பாதுகாப்பு அமைச்சரின் ட்விட்டர் பதிவு. மலையில் இருந்தவர்களுக்கோ சிக்னலே சரியில்லை. டெல்லிக்குப் போன செய்தி பக்கத்து மேட்டுக்குப் போகவில்லை. மலையேறுகிறவர்கள் இப்போது 2024-லிருந்து இயங்கும் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவுசெய்து, வழிகாட்டியோடு மட்டும் போக வேண்டும். இன்ஸ்டாகிராம் ரீல் பார்த்து மேகமலைக்குக் கிளம்புகிறவர்கள், சுருளி அல்லது கும்பக்கரை அருவியில் குளிக்கத் தடை இருக்கிறதா என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ரீலில் வரும் வெயில் போன வருஷத்து வெயிலாக இருக்கும். மேலே போகுமுன் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தக் காட்டில் போன் பாதி இடத்தில் வெறும் டார்ச் லைட்தான்.

2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் பலருடைய போன் வினோதமாக அலறியது நினைவிருக்கிறதா? என் கடையில் ஒரு அப்பத்தா போனைத் தூக்கித் தூரமாக வைத்துவிட்டார். அது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் நடத்திய சோதனை. இந்த முறையில் உங்கள் எண் அவர்களுக்குத் தேவையில்லை, இணையமும் வேண்டாம். குறிப்பிட்ட டவரின் கீழ் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் போகும். பழைய தண்டோராவின் முகவரிக் குணம் போனில் திரும்பி வந்திருப்பது இதில்தான். தொல்லையாக இருக்கிறதென்று இதை அணைத்துவைக்காதீர்கள். செட்டிங்ஸில் ‘எமர்ஜென்சி’ என்று தேடினால் அலர்ட் வரும் பகுதி கிடைக்கும், அது திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்த அலர்ட் உங்களிடம் எதையும் கேட்காது. ஓடிபி, ஆதார் எண், பணம் என்று கேட்டால் அது அரசு அலர்ட் இல்லை.

அங்கிருந்து மோசடிப் பேச்சுக்கு வந்துவிடலாம். “இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைத் தொடர்புகொள்ளவும்” என்ற குறுஞ்செய்தி சில வருஷமாகச் சுற்றுகிறது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும். மின்வாரியம் அப்படி அனுப்பாது. அவர்கள் செய்தியில் உங்கள் மின் இணைப்பு எண்ணும் தொகையும் இருக்கும். அரசுச் செய்தியை அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் எழுத்துகள்தான் இருக்கும், 2025-லிருந்து அந்தப் பெயரின் கடைசியில் கோடு போட்டு ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்து வருகிறது. விளம்பரமென்றால் ‘பி’. இந்த ஒரு எழுத்தைப் பார்க்கப் பழகினாலே பாதிக் கள்ளனைப் படலிலேயே நிறுத்திவிடலாம். சந்தேகமென்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்கு நீங்களாகப் பேசுங்கள், செய்தியில் இருக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள்.

அடுத்தது ஏபிகே. ‘பிஎம் கிசான் பட்டியல்’, ‘டிராஃபிக் அபராதம்’ என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். பெரும்பாலும் தெரிந்த ஆள் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும். தொட்டு இன்ஸ்டால் செய்தால் உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும். போடி பக்கம் ஒரு ஏல வியாபாரி, நல்லா விவரமான மனுஷன், இப்படித்தான் மாட்டினார். பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே 1930-க்கு அழையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தைப் பாதி வழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் மகன் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தவர்கள் யாரும் என்னிடம் சந்தோஷமாகத் திரும்பி வந்ததில்லை.

பள்ளி விடுமுறை ஸ்கிரீன்ஷாட் ஒரு தனிக் கூத்து. மழை தூறினால் போதும், ஆட்சியர் விடுமுறை அறிவித்ததாக ஒரு படம் வரும். போன வருஷத்தது, இல்லையென்றால் வேறு மாவட்டத்தது. செய்தி மக்கள் தொடர்புத் துறையின் அறிக்கை என்றால் ‘செ.வெ.எண்’ என்று ஒரு எண்ணும் நாளும் போட்டிருக்கும். முதலில் நாளைப் பாருங்கள். பிறகு ஆட்சியரின் அதிகாரப் பக்கத்துக்கு நீங்களே போய்ப் பாருங்கள். எக்ஸ் தளத்தில் அரசுக் கணக்குக்குச் சாம்பல் நிற டிக் இருக்கும். நீல டிக் பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும். மாவட்ட இணையதளம் தேனி டாட் என்ஐசி டாட் இன். முகவரியின் கடைசியில் ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ இல்லாத எதிலும் ஆதார் எண்ணைப் போடாதீர்கள். மாநில அரசு 2023-ல் தொடங்கிய தகவல் சரிபார்ப்பகமும் இருக்கிறது, பெரிய புரளிகளுக்கு அங்கே பதில் கிடைக்கும். உங்கள் தெருப் புரளிக்கு அவர்கள் வரமாட்டார்கள், அதற்கு நீங்கள்தான்.

இதுவரை அரசு பேசியது. இனி நாம் பேசுவது. ஆட்சியர் பக்கத்தில் கமென்ட் போட்டுவிட்டால் மனு கொடுத்ததாக ஆகிவிடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருச் சாக்கடைப் படத்தை ஒரு அலுவலகத்தின் பக்கத்தில் போட்டேன். “உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது” என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது. நான் அசந்துபோனேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சாக்கடை அப்படியே இருக்கிறது, அந்தப் பதிலுக்கு மட்டும் நாற்பது லைக். பிறகு ‘முதல்வரின் முகவரி’ 1100-ல் பதிவுசெய்தேன். அங்கே ஒரு மனு எண் தருவார்கள். அந்த எண் கையில் இருந்தால்தான் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் போய், “இது என்ன ஆச்சு” என்று கேட்க முடியும். எழுதும்போது கோபத்தை ஒரு வரியில் முடியுங்கள். இடம், சர்வே எண் அல்லது மின்கம்ப எண், எத்தனை நாளாக, உங்கள் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். படத்தில் அடையாளத்துக்கு ஒரு கோயிலோ, கடைப் பலகையோ தெரியட்டும்.

இந்தப் பத்தியைப் படிக்கும் ஊராட்சிச் செயலர்களும், குரூப் நடத்தும் அலுவலர்களும் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஒரு குரூப்பில் நான் பார்த்த மாதிரியான அறிவிப்பு இது: “பராமரிப்புப் பணிகள் காரணமாக குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தப்படவுள்ளதால் பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்கிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” படித்த பொதுமக்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: தண்ணீர் வராது. எந்தத் தெருவுக்கு, எத்தனை நாள், யாரைக் கேட்பது? இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “வெள்ளி, சனி இரண்டு நாள் வடக்குத் தெருவுக்கும் காளியம்மன் கோயில் தெருவுக்கும் குடிதண்ணீர் வராது. மற்ற தெருக்களுக்கு வழக்கம்போல வரும். வியாழன் சாயங்காலம் கூடுதலாக ஒரு மணி நேரம் விடுவோம், பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை வராவிட்டால் டேங்க் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள்.” தேதியையும் போடுங்கள். இல்லையென்றால் இது மூன்று மாதம் கழித்து மறுபடியும் சுற்றும்.

ஸ்கேன் செய்த கடிதத்தைக் குரூப்பில் போடுவதை நிறுத்துங்கள். அதைத் திறந்து பெரிதாக்கிப் படிக்க எங்கள் ஊர்ப் பெரியவர்களால் முடியாது. நீங்களே அரை நிமிடம் நம் ஊர்ப் பேச்சில் பேசி அனுப்புங்கள், தெரிந்த குரலுக்கு மதிப்பு அதிகம். குரூப்பை ‘அட்மின் மட்டும்’ என்று பூட்டுகிறீர்கள், நியாயம்தான். குட்மார்னிங் ரோஜாப்பூ தொல்லை எனக்கும் தெரியும். பூட்டினால் கேள்வி கேட்க ஒரு எண்ணைக் கீழே போடுங்கள். ஊரில் ஒரு புரளி ஓடினால் மௌனமாக இருக்காதீர்கள். 2011 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வெள்ளத்தில் அங்கத்திய போலீஸ், புரளிகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு ‘இது தவறு, உண்மை இது’ என்று அதற்கென ஒரு ஹேஷ்டேக்கே வைத்து எழுதினார்கள். நம் ஊர் அளவுக்கு ஹேஷ்டேக் எல்லாம் வேண்டியதில்லை. “அணை உடைந்ததாக வரும் செய்தி பொய். காலை 8 மணி நிலவரம் இது” என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஆபத்து முடிந்ததும் ‘முடிந்தது’ என்று சொல்வதும் உங்கள் வேலை. அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

போன் இல்லாதவர்களை எந்தச் செயலியும் எட்டாது. ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது என்பதை மழைக்கு முன்பே பேசிவையுங்கள், ரேஷன் கடை வரிசையில் பேசினாலும் போதும்.

என் கடைச் சுவரில் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எண்களை எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. கேரள டவர் பிடிக்கும் இடத்திலிருந்தோ வெளியூரிலிருந்தோ பேசினால் முன்னால் 04546 சேர்க்க வேண்டும். மாநில அறை 1070. பிறகு 1100, 1930, மின்னகம், 108. கடைசியில் வரும் ஒரு வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் படமெடுத்துக்கொண்டு போவார்கள்.

வாழைக்காரர் அன்று படமெடுக்கவில்லை. காலி வரியைக் காட்டி, “இது என்ன?” என்றார்.

“ஒங்க பக்கத்து லஸ்கர் நம்பரு, மாமா. ஆளாளுக்கு வேற.”

வாய்க்காலையும் மடையையும் பார்த்துக்கொள்ளும் நீர்வளத்துறை ஆள் அவர். மேலே எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்று எந்தச் செயலிக்கும் முன்னால் அவருக்குத் தெரியும். வாழைக்காரர் தன் போனில் தேடி, ‘லஸ்கர் பால் சொசைட்டி பக்கம்’ என்று பதிந்திருந்த எண்ணைக் கண்டுபிடித்து அங்கேயே அழைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஸ்பீக்கரில் குரல் வந்தது: “வைகையப் பத்தி நமக்கென்ன, மச்சான்? ஆனா சுருளி மேல ராத்திரியெல்லாம் மழ. எதுக்கும் மோட்டார ரெண்டு படி மேல தூக்கி வையி.”